துளிர் விட்ட ரோஜாக் குச்சி ஏன் பட்டுப்போகிறது?

பிப்ரவரி 2 – கேள்வி

ரோஜாச் செடியைக் கவாத்து செய்தபோது விழுந்த குச்சிகளை ஒரு தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்தேன். தேனும் கற்றாழைச் சாறும் தடவித்தான் நட்டேன். சில நாட்களிலேயே கணுதோறும் சிவந்த துளிர் கிளம்பியது. பிடித்துவிட்டது என்று நம்பி வெயிலுக்கு மாற்றினேன். துளிர்கள் தலைசாய்ந்தன, குச்சி மேலிருந்து கீழாகக் கருகிக்கொண்டே போயிற்று. துளிர் விட்ட பிறகு எப்படிப் பட்டுப்போகும்? வேர் இல்லாமல் துளிர் வருமா?

பிப்ரவரி 2, இரவு

வரும். நன்றாகவே வரும். இலைக் கக்கத்தில் இருக்கும் மொட்டு, குச்சி செடியோடு இருந்தபோதே உருவாகி முடிந்துவிட்டது. நுனியை வெட்டியதும் அதை அடக்கிவைத்திருந்த தடை நீங்குகிறது. தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் கட்டைக்குள் மிச்சமிருக்கும் நீரும் அதை விரியவைக்கப் போதும். வேருக்கு அப்படி ஆயத்தம் எதுவும் இல்லை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள கேம்பியத்தை ஒட்டிய செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு, புதிதாக வேர்முனையாகத் திரண்டு, பட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ரோஜாவில் இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்கள் ஆகும். மொட்டு விரிய அதில் பாதிகூட வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில் விரியும் ஒவ்வொரு இலையும் இலைத்துளைகள் வழியே நீரை வெளியேற்றுகிறது. அடிவெட்டு வழியே ஏறும் கொஞ்சம் நீர் அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்காது. ஆகவே துளிர் அதிகமாக விட்ட குச்சிதான் முதலில் வாடுகிறது. வெயிலுக்கு மாற்றியது செலவைப் பல மடங்காக்கியது, அவ்வளவுதான். வீட்டில் செடி பெருக்குவதில் நாம் செய்யும் எல்லாமே, வேர் வரும்வரை குச்சியை உலராமலும் அழுகாமலும் காப்பாற்றி நேரம் வாங்கிக்கொடுக்கும் வேலைதான். தடவும் பொருள்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

"அப்படியானால் வேர் பிடித்ததை எப்படித்தான் அறிவது?" என்று கேட்டிருக்கிறார்கள். குச்சியை லேசாக இழுத்துப் பார்த்து, எதிர்ப்பு இருந்தால் வேர் என்று கொள்வது பரவலான வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. அப்போதுதான் வெளிவந்த வேர் நூலைவிட மெல்லியது, தண்டோடு இணையும் இடத்தில் சட்டென்று ஒடிந்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளையில் நட்டு, அதை ஒளி புகாத இன்னொரு குவளைக்குள் செருகிவைத்தால், உள்குவளையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீண்டும் செருகிவிடலாம். அதற்கும் பொறுமையில்லாதவர்கள் துளிரின் இரண்டாம் கட்டத்தைக் கவனிக்கலாம். முதல் இரண்டு மூன்று இலைகள் சேமிப்பில் வந்தவை, அவற்றை நம்ப வேண்டாம். அதன்பின் வளர்ச்சி சற்று நின்று, பிறகு முந்தியதைவிடப் பெரிய இலைகளோடு தண்டு நீளத் தொடங்கினால், கீழே வேர் வேலை செய்கிறது என்று பொருள்.

பிப்ரவரி 5

தேன், கற்றாழை, இலவங்கப்பட்டைத் தூள், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அதற்கு முன் ஆக்சினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தாவரத்தின் நுனியிலும் இளம் இலைகளிலும் உண்டாகி, அடிநோக்கி ஒரே திசையில் கடத்தப்படும் வளர்ச்சி ஊக்கி ஆக்சின். ஓட்ஸ் முளைக்குருத்தின் நுனியிலிருந்து அதைப் பிரித்து ஜெல்லித் துண்டில் ஏற்றி, அந்தத் துண்டே முளையை வளைக்கும் என்று 1928-இல் காட்டியவர் ஃபிரிட்ஸ் வென்ட். கிளையை வெட்டும்போது மேலிருந்து இறங்கும் ஆக்சின் போக வழியின்றி வெட்டுவாயில் தேங்குகிறது. அந்தத் தேக்கமே அங்குள்ள செல்களை வேராக மாறச் சொல்கிறது. செடியின் சொந்த ஆக்சினான இண்டோல் அசிட்டிக் அமிலம் ஒளியிலும் நொதிகளாலும் விரைவில் சிதைந்துவிடும். 1935-இல் சிம்மர்மன், வில்காக்சன் இருவரும் இண்டோல் பியூட்டிரிக் அமிலத்தை வேரூக்கியாகச் சோதித்தார்கள். அது அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. ஐபிஏ என்ற பெயரில் இன்று விற்கப்படும் வேரூக்கித் தூள்களில் பெரும்பாலும் இருப்பது அதுவே. இளந்தண்டுக்கு 0.1 விழுக்காடு, பாதி முதிர்ந்ததற்கு 0.3, நன்கு முதிர்ந்த கட்டைக்கு 0.8 என்பது வழக்கமான அளவு. கூடினால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்: அளவு மிஞ்சினால் அடி கறுத்து அழுகும், அல்லது வேர் வந்தும் மொட்டு விரியாமல் குச்சி அப்படியே நின்றுவிடும். டப்பாவுக்குள்ளேயே ஈரக் குச்சியை விட்டு எடுக்காமல், வேண்டிய தூளைத் தனியே கொட்டிக்கொண்டு, அடியைத் தொட்டு, மிகையைத் தட்டிவிட்டு, முன்பே குத்திவைத்த துளையில் இறக்க வேண்டும். துளை இல்லாமல் குச்சியாலேயே குத்தினால் தூள் எல்லாம் மேல்மண்ணில் வழிந்து நின்றுவிடும்.

இப்போது தேனுக்கு வருவோம். அடர்த்தியான தேன் நுண்ணுயிர்களை வளரவிடாது என்பது உண்மை. ஈர மண்ணுக்குள் போனதும் நீர்த்துவிடும், நீர்த்த தேனோ நுண்ணுயிர்களுக்கு விருந்து. இலவங்கப்பட்டைத் தூளுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை உண்டு, வேரைத் தூண்டும் தன்மை கிடையாது. கற்றாழைச் சாறு தடவியதும் தடவாததும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றுபோலவே வேர்விட்டதையும் ஒன்றுபோலவே பட்டுப்போனதையும் என் தொட்டிகளில் பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்குக்குள் ரோஜாக் குச்சியைச் செருகிப் புதைப்பது இவற்றுள் மோசமானது. கிழங்கு குச்சிக்கு ஈரம் தரும் என்ற எண்ணம் சரிதான், ஆனால் அது அழுகும்போது குச்சியின் அடியையும் சேர்த்துக்கொண்டு அழுகும். அழுகாமல் தப்பித்தால் கிழங்கே முளைவிடும். அந்த முளையை ரோஜாத் துளிர் என்று எண்ணிக் கொண்டாடிய படங்களும் உலவுகின்றன.

பிப்ரவரி 6

வில்லோ கிளைகளை ஊறவைத்த நீர் வேரூக்கியாகுமா? வில்லோ மிக எளிதாக வேர்விடும் மரம், அதன் தண்டுக்குள் வேர்முளைகள் முன்கூட்டியே உருவாகி உறக்கத்தில் இருக்கும். அதன் திறமை அந்த முளைகளில் இருக்கிறதே தவிர, ஊறிய நீரில் அதே அளவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கெடுதல் இல்லை என்ற அளவில் விட்டுவிடலாம்.

பிப்ரவரி 9

இலைகளை வைப்பதா எடுப்பதா என்று இரண்டு பேர் எதிரெதிராக வாதிடுகிறார்கள், இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இலை இருந்தால் ஆக்சினும் சர்க்கரையும் கீழே இறங்கும், நீரும் செலவாகும். இலையை முழுக்கப் பறித்தால் நீர்ச் செலவு குறையும், வேருக்கான வரவும் நின்றுபோகும். நான் செய்வது: கீழிருக்கும் இலைகளை எடுத்துவிட்டு, நுனியருகில் இரண்டை மட்டும் வைத்து, அவை செம்பருத்தியைப்போல அகன்றவையாக இருந்தால் குறுக்கே பாதியாக நறுக்கிவிடுவேன். பூமொட்டு எதுவும் இருந்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் கிள்ளிவிட வேண்டும், ஏனெனில் சேமிப்பை முதலில் கேட்டு வாங்கிக்கொள்வது அதுதான்.

வைத்த இலை வாடாமலிருக்கச் சுற்றுக்காற்றை ஈரமாக வைத்தால் போதும். இதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது ஓர் அந்துப்பூச்சி. 1829-இல் லண்டனில் நதானியல் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிக் குடுவையில் அடைத்துவைத்தார். அந்த நகரத்தின் புகையில் அவர் வளர்க்கப் பாடுபட்டுத் தோற்ற பெரணி குடுவைக்குள் தானாக முளைத்தது. அவர் செய்த மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் 1833-இல் செடிகள் கப்பலேறி, மாதக்கணக்கான பயணத்துக்குப் பின் சிட்னியில் உயிரோடு இறங்கின. நமக்குக் கண்ணாடிப் பெட்டி தேவையில்லை. அடி வெட்டிய தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தாலும், தொட்டியைச் சுற்றி ஒளி புகும் பாலித்தீன் பையைக் கட்டினாலும் அதே வேலை நடக்கும். பை இலையில் படக் கூடாது. நேரடி வெயிலும் படவே கூடாது: மூடிய பைக்குள் வெப்பம் ஏறினால் குச்சி வெந்துபோகும்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

ஈரக் காற்று வேண்டும் என்றதைச் சொதசொதவென்ற மண் வேண்டும் என்று படித்துவிடாதீர்கள். காற்று ஈரமாகவும் மண் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: திறந்த காற்றில் குச்சியை நிறுத்திவிட்டு, வாடுகிறதே என்று மண்ணில் நீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். கழுவிய பருமணலும் நன்கு அலசிய தேங்காய் நார்க்கழிவும் சரிபாதியாகக் கலந்தது எனக்கு ஒத்துவருகிறது. பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் குருணை கிடைத்தால் மணலுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். எருவோ உரமோ வேண்டாம். வேரே இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? பூஞ்சைகளுக்குத்தான் அது பயன்படும்.

பிப்ரவரி 11

தண்ணீரில் வைத்தே வேர் வரவழைக்கிறேன், மண் எதற்கு என்கிறார் ஒரு நண்பர். மணிபிளான்ட், கோலியஸ், புதினா, துளசி ஆகியவற்றுக்கு அவர் சொல்வது சரி. கட்டைத்தன்மையுள்ள செடிகளுக்கு வெற்றி குறைவு, அதற்குக் காரணம் ஆக்சிஜன். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 9 மில்லிகிராம். 30 பாகையில் அது 7.5 அளவுக்குக் குறைந்துவிடும். வெப்பம் கூடினால் தண்டின் தேவை கூடுகிறது, நீரின் இருப்போ குறைகிறது. அதனால்தான் குளிர்ந்த நாட்களில் நன்றாக நிற்கும் குச்சி வெப்ப நாட்களில் இரண்டே நாளில் வழுவழுத்து நாறுகிறது. நீரை அடிக்கடி மாற்றுவது அழுக்கை நீக்குவதற்கு மட்டுமன்று, கரைந்த ஆக்சிஜனைப் புதுப்பிப்பதற்கும்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை. செம்பருத்திக் குச்சியை நீரில் வைத்தால், நீருக்குள் இருக்கும் பட்டையெங்கும் அரிசிப்பொரி போல வெள்ளைப் புள்ளிகள் வீங்கிக் கிளம்பும். பலர் அதை வேர் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் கதை தெளிவாகும்: ஒவ்வொரு புள்ளியும் பட்டைத்துளை இருந்த இடத்தில் பட்டை பிளந்து, உதிரி உதிரியான மாவுபோன்ற செல்கள் பிதுங்கி நிற்பது. நகத்தால் தொட்டால் கரைந்துவிடும். வேர் முனை அப்படி இருக்காது. அது கூர்மையாக, சற்றே கண்ணாடித்தன்மையோடு, மஞ்சள் கலந்த தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வெளிவரும், தொட்டால் விறைப்பாக இருக்கும். வெட்டுவாயைச் சுற்றித் திரளும் காலஸ் என்ற கட்டியும் வேர் அன்று. வேர் சில சமயம் அதைத் துளைத்து வரும், சில சமயம் அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் வரும். காலஸ் மட்டும் பெருத்துக்கொண்டே போய் வேரே வராமல் முடியும் குச்சிகளும் உண்டு.

நீரில் வந்த வேரை மண்ணுக்கு மாற்றுபவர்கள், அது ஒரு விரல்நுனி நீளம் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. நீளவிட்டால் நீருக்கென்றே அமைந்த அந்த வேர் மண்ணில் ஒடிந்தும் அழுகியும் வீணாகும், செடி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 14

எந்தக் குச்சியை எடுப்பது என்ற கேள்விக்குச் செடிக்குச் செடி பதில் மாறும். கோலியஸ், செவ்வந்தி போன்றவற்றுக்கு நுனிக் கொழுந்து. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் பூ உதிர்ந்த, பாதி முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள தண்டு. காகிதப்பூவுக்கு முதிர்ந்த கட்டை, அதுவும் பொறுமையோடு. அதன் வேர் நொறுங்கும் தன்மை உடையது என்பதால் தொட்டி மாற்றும்போது மண்கட்டி உடையாமல் மாற்ற வேண்டும். தண்டின் முதிர்ச்சியை வளைத்தே கண்டுகொள்ளலாம். ஒடியாமல் துவண்டால் மிக இளசு, முறுக்கென்று ஒடிந்தால் இளந்தண்டுக் குச்சிக்குச் சரியான பருவம், விறைத்து நின்றால் கட்டை. காலையில், செடி நீர் நிறைந்து நிற்கும்போது வெட்ட வேண்டும்.

அடிவெட்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே போட வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். அடியைச் சாய்த்து வெட்டு, மேலே நேராக வெட்டு என்ற விதியின் பெரிய பயன், எது தலை எது கால் என்று பிறகு குழப்பம் வராமலிருப்பதுதான் என்பது என் கணிப்பு. அந்தக் குழப்பம் சிறியதும் அன்று. தலைகீழாக நட்டால் குச்சிக்கு அது தெரியும். 1878-இல் வெளியிட்ட ஆய்வில் ஹெர்மன் ஃபெஷ்டிங் வில்லோத் துண்டுகளை ஈரக்காற்றில் நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டுப் பார்த்தார். எப்படித் தொங்கவிட்டாலும், செடியில் இருந்தபோது எது அடியாக இருந்ததோ அந்த முனையில்தான் வேர் திரண்டது. ஆக்சின் ஒருவழியாகவே கடத்தப்படுவதன் விளைவு அது.

பிப்ரவரி 14, பின்குறிப்பு

தண்டு தன் திசையை மட்டுமல்ல, தன் பதவியையும் மறப்பதில்லை. கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் வளர்க்கிறோமே, அந்த அரக்கேரியாவின் பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்கவைத்தால், பிடித்த பிறகும் அது கிடைமட்டமாகவே வளர்ந்துகொண்டிருக்கும், மரமாக நிமிராது. நிமிர்ந்த செடி வேண்டுமென்றால் தலைக்குருத்தைத்தான் வெட்ட வேண்டும். தலைக்குருத்து ஒன்றுதான் இருக்கும். தாய்ச்செடியின் அழகைக் கெடுக்கத் துணிந்தவர்களுக்கே அந்த வழி.

பிப்ரவரி 20

இவ்வளவு போராட்டம் எதற்கு, பதியன் போட்டால் முடிந்ததே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முழுமனதாக ஏற்கிறேன். முதல் குறிப்பில் சொன்ன வரவு செலவுச் சிக்கலை அடியோடு தவிர்க்கும் முறை அது. குச்சியை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு வேருக்குக் காத்திருப்பதற்குப் பதிலாக, வேர் வந்த பிறகு வெட்டுகிறோம்.

விண்பதியத்தில் தண்டைச் சுற்றி 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுக்கிறோம். இலையில் உருவாகும் சர்க்கரையும் ஆக்சினும் பட்டை வழியேதான் இறங்குகின்றன, ஆகவே அவை வளையத்தின் மேல்விளிம்பில் வந்து தேங்குகின்றன. நீர் ஏறுவது உள்ளே இருக்கும் கட்டை வழியாக, அதை நாம் தொடவில்லை. ஆகவே கிளை வாடாமல் நின்றபடியே, வேருக்கான எல்லாச் சரக்கும் ஓரிடத்தில் குவிகிறது. குரோட்டன்ஸ், ரப்பர் செடி, மாதுளை, லிச்சி எல்லாம் இதற்கு நன்றாக இணங்கும்.

பலருக்கு வளையத்தில் வேர் வராமல் போவதற்கு ஒரே காரணம், பட்டையை உரித்த பிறகு கட்டைமேல் வழுவழுப்பாக நிற்கும் கேம்பியப் படலத்தைச் சுரண்டாமல் விடுவது. விரலால் தடவினால் சவ்வுபோல வழுக்கும். கத்தியின் முதுகால் அந்த வழுக்கல் போகும்வரை சுரண்ட வேண்டும். விட்டுவைத்தால் அது புதுப்பட்டையை உருவாக்கி, மேல்கரைக்கும் கீழ்கரைக்கும் பாலம் கட்டிவிடும். சர்க்கரை மறுபடி கீழே ஓடத் தொடங்கியதும் வேர் பிடிக்க வேண்டிய அவசியம் கிளைக்கு இல்லாமல் போகும். சுரண்டிய பின் வேரூக்கியை மேல்விளிம்பில் மட்டும் தடவி, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியைப் பிடித்துவைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையிலும் இறுகக் கட்டுகிறோம். பிழிந்த என்ற சொல்லைக் கவனிக்கவும்: நீர் சொட்டும் பாசியில் அழுகல்தான் வரும். மேல்முடிச்சு தளர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கி அதே கதி.

பிப்ரவரி 21

மல்லிகைக்கும் முல்லைக்கும் இந்தக் கட்டுமானம் எதுவும் வேண்டாம். தாழ்ந்த கொடியை வளைத்து, மண்ணில் படும் கணுவின் அடியில் சற்றுக் கீறி, மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்தால் போதும். பக்கத்தில் ஒரு தொட்டியை வைத்து அதற்குள்ளேயே வளைத்துப் புதைத்தால், பிறகு தோண்டும் வேலையும் மிச்சம்.

பிப்ரவரி 24

பதியனை அறுத்து எடுத்த பிறகு பட்டுப்போயிற்று என்ற புகார் வந்திருக்கிறது. நேற்றுவரை முழு மரத்தின் வேர் ஊட்டிய கிளை அது. இன்று ஒரு கைப்பிடிப் பாசிக்குள் இருக்கும் வேர் அதைத் தாங்க வேண்டும். எனவே முதல் நாள் எழுதிய கணக்கு இங்கே திரும்ப வந்து நிற்கிறது, பதியன் அதைத் தள்ளிப்போட்டதே தவிர ஒழித்துவிடவில்லை. பாசிக்கு வெளியே வெண்மையான வேர் பழுத்துப் பழுப்பாகும்வரை பொறுத்து, கிளையை ஒரேயடியாக அறுக்காமல் வளையத்துக்குக் கீழே பாதி ஆழம் வெட்டி, ஓரிரு வாரம் விட்டுப் பிறகு முழுதாக அறுப்பது பாதுகாப்பானது. இலைகளில் பாதியைக் குறைத்து, நிழலில், சில நாட்கள் பாலித்தீன் பையால் மூடிவைக்க வேண்டும்.

மார்ச் 1

பேச்சு இலைக்குத் தாவிவிட்டது. மணிபிளான்டின் ஒற்றை இலையை நீரில் வைத்து வேரும் வந்துவிட்டது, மாதங்கள் போயும் கொடி கிளம்பவில்லை என்கிறார்கள். கிளம்பாது. காம்பின் அடியில் வேர் வரலாம், ஆனால் தண்டு உருவாக மொட்டு வேண்டும், மொட்டு கணுவில்தான் இருக்கிறது. இதய வடிவ இலை ஒன்றைச் சிறு தொட்டியில் நட்டு அன்பளிப்பாகக் கொடுக்கிறார்களே, ஹோயா, அதுவும் இப்படித்தான்: கணுத் துண்டு ஒட்டியிராத இலை ஆண்டுக்கணக்கில் பச்சையாக, வேரோடு, ஒரே இலையாகவே இருக்கும். செத்துப்போகாத செடியை விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

இலையிலிருந்தே மொட்டை உருவாக்கிக்கொள்ளும் செடிகள் வேறு வகை. ரணகள்ளி இலையின் விளிம்புப் பள்ளங்களில் குட்டிச்செடிகள் வேரோடு கிளம்புகின்றன. ரெக்ஸ் பிகோனியாவின் இலையை மல்லாத்தி, தடித்த நரம்புகளைக் குறுக்கே வெட்டி, மணலில் படியவைத்தால் வெட்டுதோறும் ஒரு கன்று வரும். ஆப்பிரிக்க வயலட்டுக்குக் காம்போடு ஓர் இலை போதும்.

பாம்புக் கற்றாழையையும் இலைத்துண்டில் பெருக்கலாம், ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையில் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த மஞ்சளும் பச்சையும் இரு வேறு மரபணு நிலையிலுள்ள திசுப்படலங்கள் அடுக்கடுக்காக அமைந்த கைமீரா. இலைத்துண்டின் அடியில் உட்புறச் செல்களிலிருந்து புதுக்கன்று எழும்போது அந்த அடுக்கு கலைந்துவிடும், கன்று வெறும் பச்சையாக வரும். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

மார்ச் 2

நேற்றைய முதல் பத்திக்கு ஒரு விலக்கு: இஸட்இஸட் செடி என்று அழைக்கப்படும் ஜாமியோகுல்காஸ். மணிபிளான்டின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அதுவும், ஆனால் அதன் சிற்றிலை ஒன்றைச் செருகினால் அடியில் பட்டாணி அளவு கிழங்கு திரண்டு, அதிலிருந்து செடி வரும். காலம் மிக அதிகமாகும். இலை காய்ந்து விழுந்தாலும் மண்ணைக் கொட்டிவிடாமல் கிளறிப் பாருங்கள், கிழங்கு உள்ளே இருக்கக்கூடும்.

மார்ச் 8

பையால் மூடுதல், ஈரக்காற்று, உடனே நடுதல் என்று நான் எழுதியவற்றை அப்படியே அரளிக்குடும்பத்துப் பெருங்கள்ளிச் செடிக்கும் செய்து பார்க்கிறேன் என்று ஒருவர் கிளம்பியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். சதைப்பற்றும் பாலும் உள்ள செடிகளுக்கு நேர்மாறான வழி. நீரைத் தண்டிலேயே சேமித்திருப்பதால் அவற்றுக்கு உலர்தல் ஆபத்து குறைவு, அழுகல் ஆபத்து மிகுதி. பெருங்கள்ளி என்று அவர் சொல்லும் புளூமேரியாவின் கிளையை வெட்டி, இலைகளை நீக்கி, நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயவிட்டு, வெட்டுவாய் தோல்போல இறுகிய பிறகே மணல் மிகுந்த மண்ணில் நட வேண்டும். வேர் வரும்வரை நீர் மிகக் குறைவு. கற்றாழை, கள்ளி, சதைப்பற்று வகை எல்லாவற்றுக்கும் இதே முறை. ஜெரேனியம் என்று விற்கப்படும் பெலார்கோனியத்துக்கு ஓரிரவு காயவிட்டால் போதும், ஆனால் பாலித்தீன் பை கூடாது. கிறிஸ்துமுள் போன்ற யூபோர்பியாவை வெட்டும்போது வழியும் பாலைத் தண்ணீரில் கழுவுங்கள், கையுறை போடுங்கள். கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல் உண்டாகும்.

அடினியத்தையும் இப்படிக் கிளையிலிருந்து வளர்க்கலாம். விதையிலிருந்து வந்த செடிக்குரிய பருத்த அடித்தண்டு அந்த வடிவில் வராது என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும். அதன் அழகே அந்த அடித்தண்டு என்று கருதுபவர்கள் விதைக்குப் போவதே நல்லது.

மார்ச் 15

விதை என்றதும் ரோஜா விதையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தோட்ட ரோஜாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்த கலப்பினங்கள். விதையிலிருந்து வருவது தாயைப்போல இருக்கும் என்ற உறுதி இல்லை, புதிய செடியாகவே இருக்கும். அதே பூ வேண்டும் என்றால் குச்சி, பதியன், மொட்டுக்கட்டு (வேறொரு செடியின் தண்டில் மொட்டை வைத்துக் கட்டுவது) இவை மூன்றுதான். குச்சிக்கும் கட்டுச்செடிக்கும் வேறுபாடு உண்டு: கட்டுச்செடியின் வேர் வேறொரு வலிய ரகத்துடையது. சொந்த வேரில் நிற்கும் செடி தொடக்கத்தில் மெதுவாக வளரும், சில ரகங்கள் எப்போதுமே நோஞ்சானாக இருக்கும். ஆனால் கட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் போத்துகள் கிளம்பி மேல்செடியை விழுங்கிவிடும் தொல்லை அதில் கிடையாது.

மார்ச் 23

கடைசியாக வந்த கேள்வி ஒட்டுக்கட்டுவதைப் பற்றியது: ஒரே காகிதப்பூச் செடியில் பல நிறம் எப்படி? வேர்ச்செடியின் கிளைகளில் வெவ்வேறு நிறக் குச்சிகளை ஆப்புபோலச் சீவிச் செருகிக் கட்டுகிறார்கள். இரண்டின் கேம்பியமும் ஒரு பக்கத்திலாவது ஒன்றையொன்று தொட வேண்டும். குச்சி மெல்லியதாகவும் வேர்ச்செடி பருமனாகவும் இருந்தால் நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி, பட்டையை விளிம்பொத்துப் பொருத்தினால் தொடர்பு கிடைக்கும். நெருங்கிய உறவுள்ள செடிகளே ஒட்டும். செம்பருத்தியில் ரோஜா என்று படம் போடுபவர்களிடம் அடுத்த ஆண்டுப் படத்தையும் கேளுங்கள்.

வாழையிலும் பனை வகைகளிலும் ஒட்டு முடியாது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது, காரணம் ஒருவித்திலைத் தாவரங்களில் அந்தக் கேம்பிய வளையம் இல்லை. 2021 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, விதைக்குள் இருக்கும் கருவின் வேரும் தண்டும் சந்திக்கும் இடத்தில் வைத்து ஒட்டினால் இவையும் இணையும் என்று காட்டியது. அது ஆய்வுக்கூடத்தில் நுண்ணிய கத்தியோடு செய்வது. வீட்டில் நாம் கட்டும் ஒட்டில் கவனிக்க வேண்டியது நாடாவை அவிழ்க்கும் நேரம்: குச்சியின் மொட்டு விரிந்து இலை விறைப்பாக நின்ற பிறகு தளர்த்த வேண்டும், மறந்துவிட்டால் பருக்கும் தண்டில் நாடா பதிந்து இணைப்பையே நெரித்துவிடும்.